பிசினுக்குள் காந்தத் துகள்கள்

1841 முடியும் தறுவாயில், மான்செஸ்டரில் இயந்திரங்கள் செய்துவந்த எஃப். டி. ஆர்ஸ்டால் என்பவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூலிடம் ஒரு யோசனை சொன்னார். இரும்பைக் காந்தமாக்கும்போது அது பருக்கிறது என்றார். அந்தப் பருத்தலைக் கொண்டே ஒரு புதுவகை எஞ்சினை ஓட்டலாம் என்பது அவர் எண்ணம். ஜூலுக்கு அப்போது ஏறத்தாழ 23 வயது. குடும்பத்துக்குச் சொந்தமான பீர் ஆலையைக் கவனித்துக்கொண்டே, கிடைத்த நேரத்தையெல்லாம் அளவைகளில் செலவழித்த இளைஞர். யோசனையை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. அளந்து பார்த்தார்.

இரும்புத் தண்டைச் சுற்றிக் கம்பிச்சுருள். தண்டின் முனையில் ஏற்படும் மிகச் சிறிய நகர்வையும் பெரிதாக்கிக் காட்டும் நெம்புகோல்கள். மின்னோட்டம் பாய்ந்ததும் தண்டு நீண்டது உண்மைதான். ஆனால் நீண்ட அளவு அதன் மொத்த நீளத்தில் ஏறத்தாழ 7,20,000-இல் ஒரு பங்கு. அடுத்து அவர் செய்தது எனக்கு இன்னும் பிடித்தமான சோதனை. தண்டை நீர் நிரம்பிய குழாயில் மூழ்கவைத்து, மேலே ஒரு நுண்புழைக் குழாயைப் பொருத்திக் காந்தமாக்கினார். நுண்புழையில் நீர்மட்டம் அசையவில்லை. அதாவது இரும்பு பருக்கவில்லை. நீண்ட அளவுக்குக் குறுக்கே மெலிந்திருக்கிறது. கன அளவு மாறாமல் வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. 1842-இல் இதை மான்செஸ்டரில் அறிவித்த ஜூல், 1847-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். மேக்னடோஸ்ட்ரிக்ஷன் என்று இயற்பியலாளர்கள் அழைக்கும் இந்த நிகழ்வை இந்த அத்தியாயத்தில் காந்தத் திரிபு என்று குறிப்பிடுகிறேன்.

ஒரு மீட்டர் தண்டில் ஒன்றரை மைக்ரானுக்கும் குறைவான நீட்சி. அதைக் கொண்டு எஞ்சின் ஓட்ட முடியாது. ஆனால் 1865-இல் இத்தாலியரான எமிலியோ வில்லாரி இதே கதவை மறுபக்கத்திலிருந்து திறந்தார். காந்தப்புலம் இரும்பை நீட்டுகிறது என்றால், இரும்பை இழுத்தால் அதன் காந்தத்தன்மை மாறவேண்டும் அல்லவா? மாறியது. இழு, அழுத்து, வளை, எதைச் செய்தாலும் உலோகத்துக்குள் இருக்கும் காந்தப் பாயம் கூடும் அல்லது குறையும். அந்த மாற்றத்தை, உலோகத்தைத் தொடாமலே, பக்கத்தில் வைத்த ஒரு கம்பிச்சுருளால் அறியலாம். சுருளில் பாயம் மாறினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை ஃபாரடே 1831-லேயே கண்டு சொல்லிவிட்டார். விசையை அறியும் உணரியும் அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்கும் மின் அறுவடையும் இந்த இரண்டு வரிகளில் அடங்கிவிடுகின்றன: தகைவு (இழுப்போ அழுத்தமோ பொருளுக்குள் எழுப்பும் விசை) காந்தத்தை மாற்றுகிறது, மாறும் காந்தம் மின்சாரத்தைத் தருகிறது.

அணுவுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். காந்தப்பொருளின் உள்ளே, அணுக்களின் காந்தத் திசை ஒரே பக்கம் பார்த்து நிற்கும் சிறு சிறு பகுதிகள் உண்டு. அவற்றை டொமைன் என்பார்கள். வெளிப்புலம் வரும்போது டொமைன்கள் வளர்கின்றன, திரும்புகின்றன. எலக்ட்ரானின் காந்தத் திசையும் அது பரவியிருக்கும் மேகத்தின் வடிவமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பும். அந்த மேகம் உருண்டையாக இருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பக்கத்து அணுக்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அது உருண்டையாக இல்லாதபோதுதான், திரும்பும்போது பக்கத்திலிருப்பவற்றைத் தள்ளுகிறது. இரும்பிலும் நிக்கலிலும் இந்தப் பிணைப்பு பலவீனம். டெர்பியம், டிஸ்ப்ரோசியம் ஆகிய அருமண் தனிமங்களில் உட்புற எலக்ட்ரான் மேகம் இருபுறமும் தட்டிய அதிரசம் போன்ற வடிவில் இருக்கிறது; பிணைப்பும் மிக வலிமையானது. அதனால் அங்கே திரிபு நூறு மடங்கு பெரிதாகிறது.

இந்தப் பெரிய திரிபுக்கு வந்துசேர நூறாண்டுக்கு மேல் பிடித்தது. இடையில் நிக்கல்தான் வேலை செய்தது. நிக்கல் காந்தப்புலத்தில் நீளாது, சுருங்கும். மீட்டருக்குச் சுமார் 35 மைக்ரான். இரண்டாம் உலகப் போரின் சோனார் கருவிகளில் கடலுக்குள் ஒலியை அனுப்பியதில் நிக்கல் தகடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தெருவோர டிரான்ஸ்ஃபார்மர் விடாமல் ரீங்கரிப்பதற்கும் முக்கியக் காரணம் அதன் இரும்பு உள்ளகத்தின் காந்தத் திரிபே. புலம் எந்தத் திசையில் இருந்தாலும் தகடு ஒரே மாதிரி நீளும் என்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 100 ஹெர்ட்ஸ் ஒலியைத் தருகிறது.

1960-களில் டெர்பியம், டிஸ்ப்ரோசியம் படிகங்களை மிகக் குளிர்ந்த நிலையில் சோதித்தவர்கள், நீளம் ஏறத்தாழ ஒரு சதவீதம் வரை மாறுவதைக் கண்டார்கள். அறை வெப்பநிலையில் அந்தக் குணம் காணாமல் போனது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ஒயிட் ஓக் என்ற இடத்தில் இருந்த கடற்படை ஆய்வகத்தில் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய சகாக்களும், அருமண் தனிமத்தோடு இரும்பைச் சேர்த்தால் அந்தக் குணம் அறை வெப்பநிலையிலும் நீடிக்கும் என்று காட்டினார்கள். ஆனால் டெர்பியமும் இரும்பும் சேர்ந்த கலவையில் டொமைன்களைத் திருப்ப மிக வலுவான புலம் தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. படிகத்துக்குள் டெர்பியம் ஒரு திசையை விரும்புகிறது, டிஸ்ப்ரோசியம் வேறொரு திசையை விரும்புகிறது. மூன்றுக்கு ஏழு என்ற விகிதத்தில் இரண்டையும் கலந்தால் இந்த எதிரெதிர் விருப்பங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. திரிபு மட்டும் அழியாமல் நிற்கிறது. இப்படிப் பிறந்ததுதான் டெர்ஃபினால்-டி. டெர்பியம், இரும்பின் வேதிக் குறியீடு, கடற்படை ஆய்வகத்தின் பெயர்ச்சுருக்கம், டிஸ்ப்ரோசியத்தின் முதலெழுத்து ஆகியவற்றைக் கோத்து வைத்த பெயர். மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை நீளும். ஜூலின் தண்டோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு.

இவ்வளவு வலிமை உள்ள பொருளைப் பொறியாளர்கள் ஏன் எங்கும் பயன்படுத்தவில்லை? டெர்ஃபினால்-டி நொறுங்கக்கூடியது. அழுத்தினால் தாங்கும்; இழுத்தாலோ அதில் பத்தில் ஒரு பங்கு விசைக்கே உடைந்துவிடும். கடைசல் இயந்திரத்தில் வைத்து வேண்டிய வடிவத்துக்குச் செதுக்குவது பெரும் பாடு. இன்னொரு சிக்கல், அது மின்கடத்தி. வேகமாக மாறும் புலத்தில் வைத்தால் உள்ளே சுழல் மின்னோட்டங்கள் எழுந்து அந்தப் புலத்தையே எதிர்க்கும். 10,000 ஹெர்ட்ஸில் புலம் மேற்பரப்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம்கூடச் சரியாகப் போகாது. மீதிப் பொருள் வேலை செய்யாமல் கிடக்கும், மேற்பரப்பு வெறுமனே சூடேறும்.

இங்கேதான் பாலிமர் வருகிறது. உலோகத்தைப் பொடித்து எபாக்ஸி போன்ற பிசினில் கலந்து இறுகவிட்டால், ஒவ்வொரு துகளும் ஒரு மின்காப்பு உறைக்குள் போய்விடும். சுழல் மின்னோட்டம் துகளுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை பொருள் முழுவதும் வேலை செய்கிறது. பிசின் விரிசலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பரவவிடாது. அச்சில் ஊற்றி எந்த வடிவமும் எடுக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் நடந்த ஆய்வுகளும், 2000-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிரெகரி கார்மன் குழு செய்த ஆய்வுகளும் இந்தக் கலவையைச் சோதனைக்கூட விந்தை என்ற நிலையிலிருந்து பொறியியல் பொருளாக உயர்த்தின. கார்மன் குழுவின் கலவைகள் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டன. பொருளின் பெரும்பகுதி பிசினாக இருந்தும் திரிபில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கிறது. பிசின் உலோகத்தை நீர்க்கச் செய்கிறது என்று எண்ணுவது தவறு என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

செய்முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். டெர்ஃபினால்-டி பொடி மிக நுண்ணியதாக இருந்தால் காற்றில் தானாகவே தீப்பிடிக்கும். எனவே ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையாள்கிறார்கள்; துகளையும் ரொம்பச் சிறிதாக்குவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரையிலான அளவு தோதானது. துகள் சிறுத்தால் அதன் மேற்பரப்பு கூடும், ஆக்சிஜனோடு சேர்ந்து செத்துப்போகும் பகுதியும் கூடும். பிசினில் கலந்ததும் வெற்றிடத்தில் வைத்துக் காற்றுக் குமிழ்களை நீக்குகிறார்கள். பிசின் இன்னும் இளகியிருக்கும்போதே வலுவான காந்தப்புலத்தில் வைக்கிறார்கள். துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, புலத்தின் திசையில் வரிசை வரிசையாகச் சங்கிலிகளாகின்றன. அந்த நிலையிலேயே பிசின் இறுகுகிறது. பார்வைக்குப் பொடிக் கலவையாக இருந்தாலும், சங்கிலியின் திசையில் அது நெருங்கிய கம்பிக்கற்றையாக நடந்துகொள்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சூட்டில் இறுகிய பிசின் ஆறும்போது சுருங்கித் துகள்களை அழுத்துகிறது. டெர்ஃபினால்-டி தண்டு நன்றாக நீள வேண்டுமென்றால் முதலில் அதை அழுத்தி, டொமைன்களைக் குறுக்குத் திசையில் படுக்கவைக்க வேண்டும்; அதற்காகவே வில்சுருளும் திருகும் வைத்த கனமான கூடு தேவைப்படும். கலவையில் அந்த வேலையைப் பிசினே செய்துவிடுகிறது. இழுவிசையில் எளிதில் உடையும் துகளுக்கு அது பாதுகாப்பும் ஆகிறது.

எந்தப் பிசின் என்பதுதான் உண்மையில் கடினமான கேள்வி. எபாக்ஸியின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் சுமார் 3 ஜிகாபாஸ்கல்; டெர்ஃபினால்-டியினுடையது 30-ஐ ஒட்டியது. துகள் நீளும்போது சுற்றியிருக்கும் பிசினையும் இழுத்துக்கொண்டு நீள வேண்டும். பிசின் மிக விறைப்பாக இருந்தால் துகளின் நீட்சியைத் தடுக்கும். அதற்காக மென்மையான ரப்பரில் போட்டால், நீட்டும் வேலைக்கு அது உதவலாம். உணரும் வேலைக்கு உதவாது. வெளியிலிருந்து வரும் விசையை ரப்பரே வாங்கிக்கொண்டு வளைந்துவிடும், துகளுக்கு எதுவும் போய்ச்சேராது. வில்லாரி கண்ட விளைவுக்குத் தகைவு துகளைத் தொட்டாக வேண்டும். எனவே உணரிக்கும் அறுவடைக்கும் விறைப்பான பிசின், துகளோடு நன்றாக ஒட்டிய பிசின் வேண்டும். சிலிக்கோன் ரப்பரில் இரும்புத்தூள் கலந்து காந்தத்தால் பெரிதாக நெளியவைக்கும் பொருள்களும் உண்டு. அவற்றை இந்த வகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே துகளின் வடிவம் மாறுவதில்லை. துகள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் ரப்பர் நெளிகிறது, அவ்வளவுதான்.

சரி, இந்தக் கலவை எங்கே பயன்படும்? என் கணிப்பில் இதன் முதல் வீடு உணரிதான். விமானங்களிலும் காற்றாலை இறக்கைகளிலும் இழையும் பிசினும் அடுக்கடுக்காக ஒட்டிய பொருள்கள் நிறைந்திருக்கின்றன. இவற்றின் பெரிய ஆபத்து, வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்துபோவது. அடுக்குகளுக்கு நடுவே காந்தத் திரிபுத் துகள்களை ஒரு மெல்லிய படலமாகத் தூவி ஒட்டினால், அவை அந்தப் பொருளின் அங்கமாகிவிடுகின்றன. கம்பி கிடையாது, மின்முனை கிடையாது. கார்பன் இழை காந்தப்பொருள் அல்ல என்பதால், குறைந்த அதிர்வெண்ணில் வெளியிலிருந்து அனுப்பும் புலம் உள்ளே போய் வரும். பரிசோதிப்பவர் மேற்பரப்பில் ஒரு கம்பிச்சுருளை நகர்த்திக்கொண்டு போனால், அடுக்கு பிரிந்த இடத்தில் தகைவு மாறியிருப்பதால் துகள்களின் காந்த மறுமொழியும் மாறியிருக்கும். 1990-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வான்வெளிப் பொறியியல் துறையில் எஸ். கோபாலகிருஷ்ணன் குழு, அடுக்குப் பிரிவு எத்தகைய சமிக்ஞையைத் தரும் என்பதற்கான கணித மாதிரிகளை உருவாக்கியது. நீட்சியை அளக்கும் வழக்கமான திரிபு அளவி, தான் ஒட்டிய இடத்தை மட்டும்தான் அறியும். இங்கே படலம் பரவிய இடமெல்லாம் உணரி. அதற்காகத் துளை போடவும் வேண்டாம்.

ஒரு வரம்பு உண்டு. அசையாத சுமையைச் சுருள் தானாக அறியாது, ஏனெனில் பாயம் மாறினால்தான் மின்னழுத்தம் பிறக்கும். நிலையான சுமையை அறிய, வெளியிலிருந்து சிறு மாறுபுலம் கொடுத்துச் சுருளின் மின்தூண்டல் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்க வேண்டும்.

சுருளே இல்லாமல் செய்யவும் வழி இருக்கிறது. 1969-இல் ஜப்பானில் ஹெய்ஜி கவாய், பிவிடிஎஃப் என்ற பாலிமர் அழுத்தினால் மின்னழுத்தம் தரும் என்று கண்டார். 1972-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தின் வான் சுக்டெலன், காந்தத்தால் திரியும் பொருளையும் திரிந்தால் மின்னழுத்தம் தரும் பொருளையும் இணைத்தால், தனித்தனியே இரண்டுக்கும் இல்லாத ஒரு மூன்றாவது குணம் கிடைக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். காந்தப்புலம் துகளை நீட்டும், துகள் பாலிமரை இழுக்கும், பாலிமர் மின்னழுத்தத்தைத் தரும். போர்ச்சுகலின் மின்ஹோ பல்கலைக்கழகத்தில் கோபால்ட் ஃபெரைட் துகள்களைப் பிவிடிஎஃப்பில் கலந்து இத்தகைய படலங்களைச் செய்திருக்கிறார்கள். கோபால்ட் ஃபெரைட் ஓர் ஆக்சைடு. மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, காற்றில் கெடாது. இங்கே பிசின் வெறும் கட்டும் பொருள் அல்ல; அதுவே பேசும் பகுதி.

இனி மின் அறுவடை. அதிர்வு இருக்கும் இடத்திலெல்லாம் இலவச மின்சாரம் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பதால், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாலத்தின் அடியில் ஒரு கன சென்டிமீட்டர் கலவையை ஒட்டியிருக்கிறோம். லாரி போகும்போது அந்த இடம் பத்து லட்சத்தில் 50 பங்கு நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலவையின் யங் குணகம் 20 ஜிகாபாஸ்கல் என்றால், ஒவ்வோர் அசைவிலும் அதற்குள் தேங்கும் மீட்சி ஆற்றல் 25 மைக்ரோஜூல். இதில் எவ்வளவு காந்த ஆற்றலாக மாறும் என்பதை இணைப்புக் கெழு சொல்கிறது. நல்ல டெர்ஃபினால்-டி தண்டுக்கு அது 0.7-ஐ ஒட்டியது, கலவைக்கு ஏறக்குறைய அதில் பாதி. இருமடி எடுத்தால் பத்தில் ஒரு பங்கு ஆற்றல் மாறும்: இரண்டரை மைக்ரோஜூல். நொடிக்கு மூன்று முறை அதிர்ந்தால் ஏழரை மைக்ரோவாட். சுருளில் ஆகும் இழப்பைக் கழிக்கவில்லை, லாரிகள் இடைவிடாமல் போகின்றன என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கைக்கடிகாரங்களிலும் கார் சாவிகளிலும் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரியில் சுமார் 2,400 ஜூல் ஆற்றல் உண்டு. அதைப் பத்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால் சராசரி ஏழரை மைக்ரோவாட்தான் வருகிறது. எனவே கைக்கு எட்டும் இடத்தில் பேட்டரியே போதும். கைக்கு எட்டாத இடம் என்றால் கதை வேறு. கான்கிரீட்டுக்குள் புதைத்த உணரி, சுழலும் தண்டில் ஒட்டிய உணரி, இறக்கையின் வயிற்றுக்குள் இருக்கும் உணரி ஆகியவற்றின் பேட்டரியை மாற்றுவதற்கு ஆகும் செலவு பேட்டரியின் விலையைப்போல ஆயிரம் மடங்காக இருக்கலாம். ஆலைகளில் ஓடும் மோட்டார்கள், ரயில் தண்டவாளங்கள் போன்றவற்றில் அதிர்வு வலுவானது, வேகமானது. அங்கே இதே கணக்கு மில்லிவாட் வரை போகும். நீட்சி இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம். அழுத்தினால் மின்சாரம் தரும் பீசோ பீங்கானின் மின்னழுத்தம் பெரிது, ஆனால் அதன் உள்மின்மறுப்பும் மிக அதிகம். சுருளில் பிறக்கும் மின்சாரத்துக்கு மின்மறுப்பு குறைவு என்பதால் மின்னணுச் சுற்றுக்கு அதை ஊட்டுவது எளிது. இது காந்தத் திரிபின் பெரிய சாதகம்.

மூலப்பொருளுக்கு வருவோம். டெர்பியமும் டிஸ்ப்ரோசியமும் மின்வாகன மோட்டார்களின் காந்தங்களுக்கும் வேண்டியவை. உலகத் தேவையின் பெரும்பகுதி தென்சீனத்துக் களிமண் படிவங்களிலிருந்தும் அதன் அண்டை நாடான மியான்மரிலிருந்தும் வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களில் இவை இரண்டும் உண்டு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடல் மணலில் மோனசைட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதில் நிறைந்திருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசான அருமண் தனிமங்கள். டெர்பியமும் டிஸ்ப்ரோசியமும் அதில் மிகச் சொற்பம்.

இதனால்தான் அருமண் இல்லாத கலவைகளின் மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது. இரும்பும் காலியமும் சேர்ந்த கால்ஃபினால், டெர்ஃபினால்-டியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே திரிகிறது. ஆனால் உறுதியானது, இழுவிசையைத் தாங்கும், சிறிய புலத்திலேயே திரும்பும். ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் தொஷியுகி உவேனோ இதைக் கொண்டு அதிர்வு மின்னாக்கிகளைச் செய்திருக்கிறார். செண்டாய் நகரின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஃபுமியோ நரிட்டா குழு இன்னும் எளிய வழியில் போனது. இரும்பு-கோபால்ட் உலோகக் கலவையை மெல்லிய கம்பியாக இழுத்து எபாக்ஸிக்குள் பதித்தார்கள். அதன் திரிபு மீட்டருக்குச் சுமார் நூறு மைக்ரான்தான். ஆனால் கம்பி வளையும், முறுக்கலாம், நெய்யலாம். கண்ணாடி இழையோடும் கார்பன் இழையோடும் ஒரே அச்சில் வைத்து வார்க்கலாம். துகள்களைச் சங்கிலியாக்கக் காந்தப்புலமும் வேண்டாம், ஆர்கான் பெட்டியும் வேண்டாம். இழைப் பொருள் செய்யும் எந்தப் பட்டறையும் பழக்கமான முறையிலேயே இதைச் செய்யலாம்.

மீதமிருக்கும் முக்கியமான வேலை, உலோகமும் பிசினும் ஒட்டும் இடத்தில் இருக்கிறது. தகைவு துகளுக்குப் போகும் ஒரே வழி அந்த ஒட்டுதான். கோடிக்கணக்கான அதிர்வுகளுக்குப் பிறகு, வெயிலும் ஈரமும் மாறி மாறி வந்தபின், அந்த ஒட்டு மெல்ல விடுபட்டால் சமிக்ஞை குறையும். சமிக்ஞை குறைவதைப் பார்க்கும் பொறியாளருக்கு உணரி தளர்ந்ததா, அது காவல்காக்கும் இறக்கை தளர்ந்ததா என்று உடனே தெரியாது. இரண்டையும் பிரித்தறிய, ஒரே படலத்தை வெவ்வேறு அதிர்வெண்களிலும் வெவ்வேறு திசைகளிலும் படித்து ஒப்பிட வேண்டியிருக்கும். துகளின் மேல் சிலேன் போன்ற ஒட்டூக்கிகளைப் பூசி ஒட்டை வலுப்படுத்துவது இன்னொரு வழி. ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டே இருக்கும் மாதிரிகளை வைத்துப் பொறுமையாகச் செய்ய வேண்டிய சோதனைகள் இவை. புதுப் பொருள் கண்டுபிடிப்பதற்குக் கிடைக்கும் நிதியும் நேரமும் இவற்றுக்கும் கிடைக்க வேண்டும்.